பண்ணைப் பாலத்தால் ஓடும் வகன் ஆர்: ஏசி லீக் எங்கே இருந்தது

கார் 2015 ஆம் ஆண்டு ஜப்பான் வகன் ஆர். வைத்திருப்பவர் ஒரு ரீச்சர். வீடு கொக்குவில், படிப்பிக்கிறது வேலணைப் பக்கம், ஆகவே பள்ளிக்கூடம் உள்ள நாளெல்லாம் பண்ணைப் பாலத்தால் போய் அதே பாலத்தால் திரும்பி வருகிற கார் அது. இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று தொடங்கிவிட்டால் கடல்தண்ணீர் தூவலாக எழும்பி வந்து காரின் முன்பக்கம் முழுக்கப் படியும், அதற்கு மேல் மணலும் தூசும் ஒட்டும். கண்ணாடியில் படிந்த உப்பை வைப்பர் துடைத்துவிடும், கிறில்லுக்குப் பின்னால் இருந்து காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரையும் பைப்புகளையும் யாரும் கழுவுவதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், யாழ்ப்பாணத்தில் ஏசி வேலை செய்கிறவர் காரைத் திறக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி அது எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதுதான்.

முறைப்பாடு எல்லாரும் சொல்வதுதான். காஸ் அடித்தால் நன்றாகக் குளிரும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், முதலில் ஓடும்போது குளிர் இருக்கும், பட்டணத்துக்குள் நெரிசலில் நின்றால் சுடும், கடைசியில் ஓடினாலும் சுடும். திரும்பவும் காஸ். இப்படிப் பல தடவை நடந்துவிட்டது.

"தம்பி, போன மாசத்துக்கு முதல் மாசம்தான் காஸ் அடிச்சது. இப்ப திரும்பவும் சுடுகாத்து. போன இடத்தில கூலிங் கொயில் பழுதாப் போட்டுது, டாஷ்போட் முழுக்கக் கழட்டோணும் எண்டு சொல்லுறாங்கள். அதுக்கு அவங்கள் சொல்லுற காசை நினைச்சா ஏசியே வேண்டாம் போல கிடக்கு."

"கழட்டுறதைப் பற்றிப் பிறகு யோசிப்பம் ரீச்சர். லீக் எதில எண்டு ஆரும் காட்டினவையோ?"

"இல்லைத் தம்பி, வேற எங்கயும் லீக் இல்லையாம், அப்ப கொயில்தானாம்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குக் கோபம் வரும். வேறு எங்கும் தெரியவில்லை, ஆகவே டாஷ்போர்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து காற்றைக் குளிராக்கும் கூலிங் கொயில்தான் என்று முடிவு கட்டுவது சோதனை அல்ல. சரியாகச் சோதித்த பிறகும் கொயிலில்தான் லீக் என்றால் டாஷ்போர்டைக் கழற்றத்தான் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் சோதித்திருக்க வேண்டும்.

முதலில் மீற்றர்

கார் வந்ததும் காஸ் ரின்னைத் தொடவில்லை. என்ஜின் ஆறும்வரை விட்டு, மீற்றர் செட்டைக் கொழுவி, கொம்பிரசர் ஓடாத நிலையில் அமுக்கத்தைப் பார்த்தோம். கராஜுக்குள் அப்போது 31 பாகை செல்சியஸ். இந்தக் காரில் உள்ளது ஆர் 134ஏ. அந்தக் காஸ் திரவமாகக் கொஞ்சமாவது உள்ளே இருந்தால் 31 பாகையில் இரண்டு மீற்றரும் ஏறத்தாழ 100 பிஎஸ்ஐ காட்டும், 25 பாகை என்றால் 82 பிஎஸ்ஐ அளவில் நிற்கும். இங்கே வந்தது 62. அப்படியென்றால் உள்ளே திரவமே இல்லை, மிஞ்சியது வெறும் ஆவிதான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், பல பேர் இதில் ஏமாறுகிறார்கள். நின்ற நிலையில் 100 காட்டினால் காஸ் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. நூறு கிராம் இருந்தாலும் முந்நூறு கிராம் இருந்தாலும், திரவம் கொஞ்சம் இருக்கும்வரை அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. அளவு எவ்வளவு என்று மீற்றர் சொல்லாது, தராசு மட்டுந்தான் சொல்லும். மீற்றர் சொல்லக்கூடியது 100க்குக் கீழே இறங்கிவிட்டால் நிலைமை மோசம் என்பதை. 100க்கு மேலே நன்றாக ஏறி நின்றால் உள்ளே காற்றோ வேறு காஸோ கலந்திருக்கிறது என்பதை.

அடுத்து பொனெட்டைத் திறந்து கண்ணால் பார்த்தோம். காஸ் வெளியேறும் இடத்தில் கொம்பிரசர் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து வரும், அதில் தூசு ஒட்டிக் கறுத்து ஈரமாகத் தெரியும். இந்தக் காரில் முன்பு யாரோ யூவி டை போட்டிருந்தார்கள், லீக்கோடு வெளியே வந்து யூவி லைட்டில் மின்னும் சாயம் அது. நல்ல காரியந்தான், ஆனால் போடும்போது சிந்தியதைத் துடைக்கவில்லை. லைட்டை அடித்தால் காஸ் ஏற்றும் போர்ட்டைச் சுற்றி, பைப்பின் மேல், பற்றரித் தட்டில், எல்லா இடமும் மஞ்சள் பச்சையாக மின்னுகிறது. எது லீக், எது சிந்தியது என்று பிரிக்க முடியாது. ஆகவே பிரேக் கிளீனர் அடித்து எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கினோம். டை போடுகிறவர்கள் துடைக்காமல் விட்டால் அடுத்து வருகிறவனுக்கு அந்த டை உதவாது, குழப்பத்தான் செய்யும்.

துடைக்கும்போது கண்ணில் பட்டது: ஹை பக்க (அமுக்கம் கூடிய பக்க) போர்ட்டுக்கு மூடி இல்லை.

காற்றில் மோப்பம் பிடிக்க முடியாது

லீக் டிடெக்டரை எடுக்க முதல் ஷட்டர்களை இறக்கி, பங்காவை நிறுத்தினோம். சோளகக் காலத்தில் தகரக் கொட்டகைக்குள் நின்று டிடெக்டரை ஆட்டுவதில் பயனே இல்லை. ஒரு நல்ல கருவி ஆண்டுக்கு ஒரு சில கிராம் கசிகிற லீக்கைக்கூடப் பிடிக்கும், ஆனால் காஸ் அதன் மூக்குக்கு வந்து சேர வேண்டுமே, காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டால் எதைப் பிடிப்பது? சந்தேகமான மூட்டு ஒவ்வொன்றையும் பொலித்தீனால் சுற்றி, சிறிது நேரம் விட்டு, பிறகு சின்னத் துளையிட்டு உள்ளே நுனியை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஆர் 134ஏ காற்றைவிட மூன்றரை மடங்கு பாரம், ஆகவே எப்போதும் கீழ்ப்பக்கத்தைத்தான் மோப்பம் பிடிக்க வேண்டும். மேலே வைத்துப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லக் கூடாது.

கூலிங் கொயிலுக்கும் அதே நியாயம். உள்ளே புளோவரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பழைய காற்றை வெளியே தள்ளி, நிறுத்தி, கால் மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே விட்டோம். கொயில் கசிந்தால் பாரமான காஸ் அந்தப் பெட்டிக்குள் தங்கித் தண்ணீர் வடியும் குழாய்ப் பக்கம் இறங்கும். குழாயின் வாயில் நுனியை வைத்தோம், பிறகு புளோவர் ரெசிஸ்டரைக் கழற்றிய ஓட்டையாலும் வைத்தோம். இரண்டிலும் சத்தம் இல்லை. (வடிகுழாயின் தண்ணீர் நுனிக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறினால் கருவி கெட்டுவிடும்.)

கருவி கத்தியது ஒரே ஒரு இடத்தில், மூடி இல்லாத அந்த ஹை பக்கப் போர்ட்டில். உள்ளே இருக்கும் வால்வில் மண்ணும் உப்பும் சேர்ந்து, சவர்க்காரத் தண்ணீர் ஒரு துளி விட்டதும் மெதுவாக ஒரு குமிழ் வளர்ந்தது. ரயர் வால்வுக்குள் இருப்பதன் இனந்தான் இந்த வால்வும். அதன் சின்ன ரப்பர் முழுமையாகக் காஸை நிறுத்தும் என்று யாரும் நம்பக் கூடாது, உண்மையில் அடைப்பது மூடிக்குள் இருக்கும் ரிங்தான். காஸ் அடித்த பிறகு மூடியை எங்கோ வைத்துவிட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் பெடியன் உடனே, "அண்ணை, பிடிச்சிட்டம், வால்வை மாத்தி மூடியைப் போட்டுக் காஸ் அடிப்பமோ?" என்றான். பெரும்பாலான வேலைகள் இந்த இடத்தில்தான் முடிகின்றன, கார் திரும்பி வருவதும் இதனால்தான். எனக்கு அந்தக் குமிழின் வேகத்தில் திருப்தி இல்லை. சிறிய குமிழ், சோம்பலாக வளர்கிறது. ஒன்றரை இரண்டு மாதத்துக்குள் கிட்டத்தட்ட முழுக் காஸும் போக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு நாலைந்து கிராம் போக வேண்டும், இந்த வால்வு அவ்வளவு விடுகிற வால்வாகத் தெரியவில்லை. வேறு ஒன்று இருக்கிறது, அது டிடெக்டருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.

வெக்கியூம் பிடித்தால் போதுமா

மிஞ்சிய காஸை மெஷினால் இழுத்துத் தராசில் நிறுத்தோம். எழுபது கிராம்கூட வரவில்லை. பொனெட்டில் ஒட்டியிருக்கும் லேபல்படி வேண்டியது முந்நூறுக்குக் கிட்ட. இழுக்க முதல் ரீச்சரிடம் கேட்ட ஒரு கேள்வி, லீக் அடைக்கிற மருந்து ஏதும் யாராவது போட்டார்களா என்பது. போடவில்லை என்றார், நல்லது. அந்த மருந்துகளில் சில ஈரம் பட்டதும் இறுகும் வகை, துளையை அடைக்கிறதோ இல்லையோ கொயிலுக்குள் காஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் நம்முடைய மெஷினையும் அடைத்துவிடும். அதை நான் யாருக்கும் போடமாட்டேன்.

முன்பு பார்த்த இடங்களில் வெக்கியூம் இழுத்து, மீற்றர் முள்ளு அசையாமல் நின்றது, ஆகவே லீக் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வெக்கியூம் ஈரத்தை எடுக்கவும் காற்றை எடுக்கவும் அவசியம். லீக் சோதனைக்கு அது பலவீனமானது. முழு வெக்கியூமில்கூட வெளியே இருந்து உள்ளே தள்ளுவது வளிமண்டல அமுக்கம் மட்டுந்தான், 14.7 பிஎஸ்ஐ. ஏசி ஓடும்போது ஹை பக்கத்தில் உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200, 250 பிஎஸ்ஐ. அதற்கு மேல் திசையும் மாறுகிறது: உள்ளே இருந்து தள்ளினால் திறக்கிற ஒரு வெடிப்பு, வெளியே இருந்து அமத்தினால் மூடிக்கொள்ளலாம். வெக்கியூமில் முள்ளு இறங்கினால் லீக் நிச்சயம், அசையாமல் நின்றால் எதுவும் நிச்சயமில்லை.

ஆகவே நைதரசன். சிலிண்டருக்குள் 2000 பிஎஸ்ஐக்கும் மேலே இருக்கும், றெகுலேற்றர் இல்லாமல் அதைக் காரில் கொழுவக் கூடாது. ஒட்சிசன் சிலிண்டரை எக்காரணம் கொண்டும் கொழுவ வேண்டாம், அமுக்கத்தில் ஒட்சிசனும் எண்ணெயும் சந்தித்தால் வெடிக்கும். ரயருக்குக் காற்றடிக்கிற கொம்பிரசரும் வேண்டாம், அதில் வருவது ஈரக் காற்று, உள்ளே இருக்கும் பாக் என்ற கொம்பிரசர் எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும் எண்ணெய்.

போர்ட் வால்வைப் புதிதாக மாற்றி, மூடியையும் போட்டு, மாலையில் 150 பிஎஸ்ஐ ஏற்றி மெயின் வால்வை மூடினோம். அப்போது 32 பாகை. விடியற்காலை பார்க்கும்போது 26 பாகை. இங்கே ஒரு கணக்கு தேவை, இதைச் செய்யாவிட்டால் இல்லாத லீக்கைத் தேடி நாள் போகும். காஸின் அமுக்கம் வெப்பநிலையோடு இறங்கும். வளிமண்டல அமுக்கத்தையும் சேர்த்தால் 150 என்பது 164.7. கெல்வினில் 305 இலிருந்து 299 ஆகக் குறைந்திருக்கிறது, அப்படியென்றால் 161.5, திரும்ப 14.7 ஐக் கழித்தால் 147க்குச் சற்றுக் குறைவு. மூன்று பிஎஸ்ஐ இறக்கம் குளிர்மையால் வந்தது, அது லீக் அல்ல. எங்கள் மீற்றர் காட்டியது 133. மிச்சம் லீக்.

போர்ட்டை அடைத்த பிறகும் இது. அந்த இரவுச் சோதனையைச் செய்யாமல் காஸை ஏற்றியிருந்தால் ரீச்சர் இன்னும் இரண்டு மாதத்தில் திரும்ப வந்திருப்பார்.

பாதியாகப் பிரித்தோம்

இப்போது டாஷ்போர்ட் கேள்விக்கு நேரான பதில் எடுக்க வேண்டும். என்ஜின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டில், எக்ஸ்பான்ஷன் வால்வுக் கட்டையோடு இரண்டு பைப்பும் சேரும் இடத்தில் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றினால் கூலிங் கொயில் ஒரு பக்கம், கொம்பிரசரும் கொண்டென்சரும் பைப்புகளும் மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் அடைக்க அலுமினியத் தகட்டில் ஓ ரிங் வைத்துச் செய்த அடைப்புகள் எங்களிடம் உண்டு, எந்த லேத்திலும் செய்விக்கலாம். கொயில் பக்கத்துக்கு 100 பிஎஸ்ஐ மட்டும் கொடுத்தோம், அது லோ பக்க உறுப்பு, தேவைக்கு மேல் ஏற்ற வேண்டியதில்லை. மற்றப் பக்கத்துக்கு 150.

வெப்பநிலைக் கணக்கைக் கழித்துப் பார்த்தால் கொயில் பக்கம் அசையவே இல்லை. முன்பக்கம் இறங்கியிருந்தது. ரீச்சருக்கு உடனே போன் எடுத்துச் சொன்னேன், டாஷ்போர்டில் கை வைக்கத் தேவையில்லை, கொயில் சுகமாக இருக்கிறது என்று. இந்த ஒரு செய்தியைச் சொல்வதற்காகவே பிரித்துச் சோதிக்கும் வேலை செய்யலாம், ஒரு டாஷ்போர்டைக் கழற்றிப் பூட்டினால் அதற்குப் பிறகு வரும் கறகற சத்தங்களுக்கு ஆயுள் முழுக்க மருந்தில்லை.

முன்பக்கத்தில் மூட்டுகள், கொம்பிரசரின் முன் சீல், கொண்டென்சரின் முழு முகம், எல்லாவற்றிலும் சவர்க்காரத் தண்ணீர் அடித்தோம். ஒன்றும் இல்லை. கொண்டென்சரின் கீழ் மூலையில் தகடுகள் உதிர்ந்து வெள்ளையாக இருந்தன, ஆனால் குமிழ் இல்லை. எஞ்சியது கொண்டென்சரிலிருந்து பின்னே ஓடும் மெல்லிய பைப். அது மட்காட்டின் உள்பக்கத்தோடு ஒட்டிப் போகிறது, நடுவில் ஒரு இரும்புக் கிளிப், பைப் அதிராமல் இருக்க அதற்குள் ரப்பர். வெளியே தெரியும் பைப்பில் எங்கும் குறை இல்லை. கிளிப்பைக் கழற்றச் சொன்னேன்.

போல்ட் துருவில் இறுகிப் போயிருந்தது. கழன்றதும் ரப்பர் பைப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, நகத்தால் பிரித்தபோது உள்ளேயிருந்து ஈர மண் கட்டியாக உதிர்ந்தது, பெடியன் அதை விரலில் உரசிப் பார்த்து உப்பு நரநரக்குது என்றான். ரப்பர் இருந்த நீளத்துக்கு மட்டும் பைப் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தால் கீழே ஊசிக் குத்தளவில் கறுப்புப் புள்ளிகள், பைப்பின் அடிப்பக்கத்தில், தண்ணீர் தங்கும் பக்கத்தில். சவர்க்காரத் தண்ணீரைத் தொட்டு வைத்தோம். ஒரு புள்ளியிலிருந்து மிக நுண்ணிய நுரை, பெரிய குமிழாகாமல், நெருக்கமாகப் பொங்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி அதைவிட மெதுவாக. இந்த நுரையைக் கண்டால்தான் எனக்கு மனம் ஆறும். டிடெக்டருக்கு ஏன் படவில்லை என்பதும் விளங்கியது: கசிந்த காஸ் ரப்பருக்கும் மண்ணுக்கும் ஊடாகச் சின்னச் சின்னதாகப் பரவி மட்காட்டின் பொந்துக்குள் இறங்கியிருக்கிறது, எண்ணெயையும் டையையும் மண் குடித்துவிட்டது. கழற்றிய மண்கட்டியை இருட்டில் யூவி லைட்டில் காட்டினால் மின்னியது.

இது ஏன் நடக்கிறது என்றால், அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஒட்சைட்டுப் படலம். உப்பில் உள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை ஒரு சில புள்ளிகளில் உடைக்கிறது. திறந்த இடத்தில் மழை கழுவிவிடும், காற்று பட்டுப் படலம் திரும்ப உண்டாகும். ரப்பருக்கு அடியில் உப்புத் தண்ணீர் காயாமல் தங்குகிறது, ஒட்சிசன் உள்ளே வருவதில்லை, அந்த ஒடுக்கத்துக்குள் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போய் உலோகம் ஆழமாகக் குழி விழுகிறது. பக்கத்தில் இரும்புக் கிளிப் இருப்பது இன்னும் கெடுதி, ரப்பர் தேய்ந்து இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டால் கரைவது அலுமினியம்தான். அதிர்வைத் தடுக்க வைத்த ரப்பர் அவசியமானது, அதை எடுத்துவிட்டால் பைப் வெடிக்கும். நம்மால் செய்யக்கூடியது அதைக் கழற்றிப் பார்ப்பதும் கழுவுவதும்.

ஒட்டலாமா, மாற்றலாமா

வெல்டிங் அடிக்கலாமே என்று கேட்பார்கள். அலுமினியம் வெல்டிங் தெரிந்த நல்ல கைகள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. ஆனால் இந்தப் பைப்பின் சுவர் ஏற்கெனவே குழிகளால் மெலிந்துவிட்டது, உள்ளே எண்ணெய் ஊறியிருக்கிறது, ஒரு துளையை அடைத்தால் பக்கத்துக் குழி அடுத்த சோளகத்தில் திறக்கும். எபொக்சி பசையை இங்கே பேசவே வேண்டாம், 200 பிஎஸ்ஐயும் என்ஜின் சூடும் அதிர்வும் சேர்ந்த இடம் அது. கேடான துண்டை வெட்டி ஹோஸ் வைத்து நசுக்கி இறுக்குவது (கிரிம்ப் பண்ணுவது) நியாயமான வழிதான், பைப் கிடைக்காவிட்டால் அதைத்தான் செய்திருப்பேன்.

பைப் கிடைத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உடைத்த காரிலிருந்து ஒன்று, பஸ் பார்சலில் வந்தது. பழைய பைப்பை நம்பிப் பூட்டக் கூடாது, அதுவும் எந்தக் கடற்கரையில் ஓடியதோ. கிளிப் இருந்த இடத்தை முதலில் பார்த்தோம், தடம் இருந்தது, குழி இல்லை. பிறகு ஒரு முனையை அடைத்து 200 பிஎஸ்ஐ நைதரசன் ஏற்றி, சைக்கிள் ரியூப்பில் ஓட்டை பார்ப்பதுபோலத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திப் பார்த்தோம். ஒரு குமிழும் இல்லை. நைதரசனால் ஊதிக் காயவைத்துத்தான் பூட்டினோம்.

திறந்த மூட்டுகளுக்கெல்லாம் புது ஓ ரிங், ஆர் 134ஏக்கு ஒத்துவரும் எச்என்பிஆர் ரப்பர். அளவை மட்டும் பார்த்து ஏதோ கறுப்பு ரிங்கைப் போடுவதால் வரும் லீக்குகள் ஏராளம். ரிங்கைக் கொம்பிரசர் எண்ணெயில் நனைத்து, பள்ளத்தைப் பஞ்சு விடாத துணியால் துடைத்து, பைப்பை நேராக உட்காரவைத்த பிறகே போல்ட். அது சின்ன போல்ட், இறுக்கம் 10 நியூட்டன் மீற்றர் அளவில் போதும், கூட இறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும். கிளிப்புக்குப் புது ரப்பர், உள்ளே மெல்லிதாக சிலிக்கோன் கிறீஸ், தண்ணீர் தங்காமலிருக்க.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. இந்த வகன் ஆரில் கொம்பிரசரை பெல்ற்தான் சுற்றுகிறது, ஆகவே பாக் எண்ணெய், பைப் மாற்றியதற்காகக் கொஞ்சம் சேர்த்தோம். அக்வா, பிரியஸ் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் கவனிக்க: அவற்றில் கொம்பிரசருக்குள்ளேயே உயர் வோல்ற்று மோட்டர் இருக்கிறது, அதற்கு வேண்டியது என்டி 11 என்ற வேறு எண்ணெய். பாக் எண்ணெய் சிறிது கலந்தாலும் மின்காப்பு குறைந்து ஹைபிரிட் முழுவதும் நின்றுபோகலாம். ஒரே ஹோஸ், ஒரே டை எல்லாக் காருக்கும் என்று வேலை செய்யும் இடத்தில் அந்தக் கார்களை விடாதீர்கள்.

பூட்டி முடித்ததும் திரும்பவும் நைதரசன், திரும்பவும் ஒரு இரவு. மாலை 150, காலை வெப்பநிலைக் கணக்குப்படி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது.

காஸ் ஏற்றியது

ஈரத்தை உறிஞ்சும் பையைக் கொண்டென்சர் பக்கத்தில் மாற்றினோம், பிறகு வெக்கியூம். 30 பாகையில் தண்ணீர் கொதிக்க அமுக்கம் 32 மில்லிமீற்றர் பாதரசத்துக்குக் கீழே இறங்க வேண்டும், நல்ல பம்ப் அதைவிட மிகக் கீழே, அரை மில்லிமீற்றர்வரை இறக்கும். பம்பை நிறுத்திய பிறகு பார்க்க வேண்டியது முள்ளு எப்படி ஏறுகிறது என்பதை. கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம், இன்னும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறினால் லீக். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடம் இழுத்துவிட்டுக் காஸ் அடிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

காஸைத் தராசில் நிறுத்துத்தான் ஏற்றினோம். சிறிய காரில் முந்நூறு கிராம் என்றால் ஹோஸுக்குள் தங்குகிற இருபது முப்பது கிராமே பெரிய வித்தியாசம். ரின்னையும் முதலில் மீற்றரில் பார்த்துக்கொள்வேன்: 31 பாகையில் 100 காட்ட வேண்டிய சிலிண்டர் 120, 130 காட்டினால் அதற்குள் இருப்பது சுத்தமான ஆர் 134ஏ அல்ல. போலிக் காஸ் விளையாட்டு இல்லை. 2011 இல் கப்பல் குளிர்க் கொள்கலன்களில் மீதைல் குளோரைட்டு கலந்த போலி ஆர் 134ஏ அலுமினியத்தோடு தாக்கமடைந்து வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். காரிலும் கொம்பிரசரும் கொண்டென்சரும் அலுமினியம்தான்.

ஓடவிட்டுப் பார்த்தால், வெளியே 32 பாகை, லோ பக்கம் 30 பிஎஸ்ஐக்குக் கிட்ட, ஹை பக்கம் 210, நடு வென்ற்றில் 8 பாகை. மூட்டுகள், போர்ட்டுகள், புதுப் பைப் எல்லாவற்றையும் டிடெக்டரால் திரும்பப் பார்த்து, இரண்டு மூடியையும் கையால் இறுக்கினோம்.

ரீச்சர் வந்து பழைய பைப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இந்தப் புள்ளிக்கோ தம்பி இவ்வளவு காசு போனது?" என்றார். போனது காசு மட்டுமல்ல. ஆர் 134ஏ ஒரு கிலோ வெளியேறினால் நூறு ஆண்டுக் கணக்கில் 1430 கிலோ காபனீரொட்சைட்டின் சூடாக்கும் வேலையைச் செய்யும். இந்தச் சின்னக் காரின் ஒவ்வொரு நிரப்பலும் நானூறு கிலோவுக்கு மேலே. லீக் இருக்கிற காருக்குக் காஸ் அடித்துக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லாமல் இருப்பதற்கு இதுவும் காரணம்.

அவரிடம் கேட்டுக்கொண்டது இரண்டு. சோளகக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை, ஹோஸில் மெதுவான நல்ல தண்ணீரால் கிறில்லுக்குள்ளும் மட்காட்டின் உள்பக்கமும் கழுவ வேண்டும். பிரஷர் கன் அடிக்கக் கூடாது, கொண்டென்சரின் தகடுகள் மடங்கிவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதுவும் வேண்டாம், நம் பக்கத்தில் பல கிணறுகள் உவர்தானே. அடுத்தது, யார் போர்ட்டைத் திறந்தாலும் மூடி திரும்பப் போடப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

சோளகம் முடிந்த பிறகு காரைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், கொண்டுவந்தார். வென்ற்றில் அதே குளிர். யூவி லைட்டில் போர்ட்டும் பைப்பும் கிளிப்பும் சுத்தம். கொண்டென்சரின் அந்தக் கீழ் மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் பச்சைக் கறை புதிதாக வந்திருக்கிறது, டிடெக்டரை வைத்தால் மெல்லிய சத்தம். காஸ் அளவு இன்னும் சரியாக இருக்கிறது, அவசரம் இல்லை, ஆனால் அது வளரும். கொண்டென்சர் ஒன்றுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம், அடுத்த பள்ளி விடுமுறையில் மாற்றுவதாகப் பேச்சு.